அம்மா நாலு மணிக்கு எழுந்து செய்யும் ஜெபம் எதையாவது மாற்றுகிறதா?

தாமிரபரணிக்கரை
மார்ச் 4, இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று கேட்டே ஆகவேண்டும் போலிருக்கிறது.

போன ஆகஸ்டில் என் தம்பி இறந்துபோனான். வயது 34. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, இரண்டரை வருடம் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தான். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம். அப்புறம் அம்மா தன்னுடைய சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார்கள். பதினான்கு மாதம் நன்றாக இருந்தான். வேலைக்குப் போனான், கிறிஸ்துமஸுக்கு அவனே வீட்டுக்கு வெள்ளையடித்தான், பாடகர் குழுவில் மறுபடி நின்று பேஸ் பாடினான். பிறகு அவன் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஏற்கவில்லை. கூடவே தொற்று. மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

நாங்கள் நாலு தலைமுறையாக சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. அவனுக்காக ஜெபிக்காத ஆள் எங்கள் சேகரத்துச் சபைகளில் இல்லை. உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வாராவாரம் அவன் பெயர். அந்த வருடம் ஜனவரி 1 அதிகாலை ஆராதனையில் அவன் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், அந்த வருடத்துக்கான வசனமாக, இருந்தது சங்கீதம் 118:17. "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." அதைப் பர்ஸிலேயே வைத்திருந்தான். ஆஸ்பத்திரியில் அவன் சட்டை, செருப்பு, போன் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தபோது அந்த அட்டையும் அதில் இருந்தது.

அடக்கம் முடிந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. வீட்டுக் கூட்டத்துக்கு வந்த ஒருவர், "வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவாக இருந்திருக்கிறது" என்றார். ஒரு சிறுநீரகத்தோடு என் அம்மா அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றிலிருந்து நான் ஜெபிப்பதில்லை. கோயிலுக்குப் போகிறேன். எல்லோரும் நிற்கும்போது நிற்கிறேன், உட்காரும்போது உட்காருகிறேன். அம்மா மட்டும் இன்னமும் நாலு மணிக்கு எழுந்திருக்கிறார்கள். முன்னறை விளக்கு எரியும், கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும். நான் விழித்தபடி படுத்திருப்பேன்.

கடவுள் இருக்கிறாரா என்று கேட்கவில்லை. கேட்பது ஒன்றுதான். அந்த விளக்கு வெளிச்சத்தில் அம்மா செய்வது எதையாவது மாற்றுகிறதா? ஆறுதலுக்காக எதுவும் சொல்லவேண்டாம். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.


வெள்ளி உபவாசம்
மார்ச் 5, காலை 6:15

தம்பி, வாசித்துவிட்டு உங்கள் அம்மாவை நினைத்து அழுதேன். அந்த வார்த்தையைச் சொன்னவர் பெரிய பாவம் செய்திருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஜெபம் மாற்றுகிறது. எனக்குத் தெரியும். கல்யாணமாகிப் பதினோரு வருடம் எனக்குக் குழந்தை இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் உபவாசமிருந்து கேட்டேன். பன்னிரண்டாவது வருடம் மகள் பிறந்தாள், இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். நீதிமான் செய்யும் ஊக்கமான வேண்டுதல் பெலனுள்ளது என்று யாக்கோபு சும்மா எழுதவில்லை. லூக்கா 18இல் அநீதியுள்ள நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போன விதவையை இயேசு கதையாகச் சொன்னது, நாம் சோர்ந்துபோகக் கூடாது என்பதற்காகத்தான்.

ஜார்ஜ் முல்லரைப் பாருங்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் 1836இல் அனாதைப் பிள்ளைகளுக்கு ஒரு வாடகை வீட்டில் தொடங்கினார். 1898இல் இறப்பதற்குள் ஏறக்குறைய 10,000 பிள்ளைகளை வளர்த்துவிட்டார். ஒரு மனிதரிடமும் பணம் கேட்கமாட்டேன், கடவுளிடம் மட்டுமே கேட்பேன் என்று கடைசிவரை உறுதியாக இருந்தார். அத்தனை பிள்ளைகளும் சாப்பிட்டார்களே, அது மாற்றம் இல்லையா?


விடியற்காலம்
மார்ச் 5, காலை 8:02

எல்லாம் நன்மைக்கே, பிரதர். கர்த்தர் உங்கள் தம்பியை மேலான இடத்துக்கு எடுத்துக்கொண்டார். ஸ்தோத்திரம் சொல்லுங்கள், சமாதானம் வரும்.


மூன்றாம் ஷிப்ட்
மார்ச் 5, மதியம் 2:30

தாமிரபரணி அண்ணனுக்கு. நான் டயாலிசிஸ் பிரிவில் பதினாறு வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன்.

முதலில் உடம்பைப் பற்றி. மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும். அதைத் தாக்குவது உடம்பின் நோயெதிர்ப்பு வேலை. அதை அடக்கத்தான் ஆயுள் முழுக்க மாத்திரை. மாத்திரை அந்த எதிர்ப்பை அடக்குவதால் தொற்று சுலபமாக வரும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கயிற்றில்தான் ஒவ்வொரு நோயாளியும் நடக்கிறார். ஒழுங்காக மாத்திரை போட்டவர்களுக்கும் இது நடக்கும். அம்மாவின் விசுவாசத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. இதை அம்மாவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். ஏற்கனவே சொல்லியிருந்தாலும் இன்னொரு தடவை சொல்லுங்கள்.

விடியற்காலம் அவர்களுக்கு. கோபமில்லை, ஆனால் துக்கத்தில் இருப்பவரை ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லாதீர்கள். இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசுவே கண்ணீர் விட்டார். இன்னும் சில நிமிடத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அழுதார்.

அப்புறம் நான் பார்த்தது. சுகமளிக்கும் கூட்டத்தில் "நீ குணமாகிவிட்டாய்" என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு முறை டயாலிசிஸுக்கு வராமல் இருந்த ஒருவர், மூச்சுத் திணறலோடு நள்ளிரவில் வந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. காப்பாற்ற முடியவில்லை. இதையும் ஜெபம் என்றுதான் சொன்னார்கள். ஆகவே ஜெபம் என்ற பெயரில் நடக்கிற எல்லாமே நல்லது என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்றும் பார்த்தேன். சபை மக்கள் நோயாளியைப் பார்க்க வரும்போது அன்போடு இளநீரும் வாழைப்பழமும் கொண்டுவருவார்கள். இரண்டும் டயாலிசிஸ் நோயாளிக்கு ஆகாது, பொட்டாசியம் அதிகம். கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்துவிட்டுப் பையை வைத்துவிட்டுப் போவார்கள். நான் எடுத்து ஓரமாக வைப்பேன். ஒரு நாள் ஒரு வயதான அம்மா வந்தார். ஜெபித்தார். கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளை என்ன சாப்பிடலாம்மா?" என்று கேட்டார். காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கவேண்டும் என்று சொன்னேன். அடுத்த முறை அப்படியே சமைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தார். அதன்பிறகு வாரத்துக்கு ஒரு நாள், எட்டு மாதம். அந்தப் பையன் அவருக்கு உறவு இல்லை. ஜெபத்தில் பெயர் சொல்லிச் சொல்லி உறவாகிவிட்டான்.

அந்த ஜெபம் அவன் ரத்தத்தில் சேர்ந்த கழிவை, கிரியாட்டினினை, குறைக்கவில்லை. அவன் அந்த எட்டு மாதமும் தனியாக இல்லை. நான் அறிந்தது இவ்வளவுதான்.


புள்ளியியல் வாத்தியார்
மார்ச் 5, இரவு 9:10

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். ஞாயிறு பள்ளியும் எடுக்கிறேன். தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று அண்ணன் கேட்டதால் எழுதுகிறேன். யாருடைய மனதையும் உடைக்க அல்ல.

இதை எண்ணிப் பார்க்க முயன்றவர்கள் இருக்கிறார்கள். 1872இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு கட்டுரை எழுதினார். அரசர்கள் நீடூழி வாழவேண்டும் என்று இங்கிலாந்து முழுவதும் கோயில்களில் ஜெபிக்கிறார்களே, அப்படியானால் அரசர்கள் அதிக நாள் வாழ்கிறார்களா என்று கணக்குப் பார்த்தார். வசதியுள்ள வர்க்கங்களிலேயே அவர்களின் சராசரி ஆயுள்தான் குறைவு, 64 வயது.

2006இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு இன்னும் கவனமானது. ஹெர்பர்ட் பென்சன் என்ற மருத்துவரின் தலைமையில், ஆறு ஆஸ்பத்திரிகளில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்காக ஜெபித்தார்கள், ஆனால் ஜெபிக்கப்படுகிறதா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டாவது பிரிவுக்காக ஜெபிக்கவில்லை, அவர்களுக்கும் தெரியாது. மூன்றாவது பிரிவிடம் "உங்களுக்காக ஜெபிக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு ஜெபித்தார்கள். அறுவைக்கு முந்தைய இரவிலிருந்து பதினான்கு நாள் ஜெபம். சிக்கல்கள் வந்தவர்கள் முதல் பிரிவில் 52 சதவீதம், இரண்டாவதில் 51. வித்தியாசம் இல்லை. தெரிந்துகொண்ட மூன்றாவது பிரிவில் 59. "எனக்காக ஜெபக் குழுவையே கூப்பிடுகிற அளவுக்கா நிலைமை மோசம்?" என்ற பதற்றம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஊகித்தார்கள்.

இந்த ஆய்வில் குறை உண்டு. ஜெபிக்கப்படாத பிரிவில் இருந்தவரின் மனைவி வீட்டில் முழங்காலிட்டிருப்பாரே, அதை யார் தடுக்க முடியும்? முன்பின் தெரியாத ஒருவரின் முதல் பெயரையும் ஓர் எழுத்தையும் வைத்துக்கொண்டு, எழுதிக்கொடுத்த வாசகத்தோடு ஜெபிப்பதும், ஒரு தாய் நாலு மணிக்கு எழுந்திருப்பதும் ஒன்றல்ல. கடவுளை மருந்துபோலப் பாதி பேருக்குக் கொடுத்துப் பாதி பேருக்கு மறைத்துவைக்க முடியாது. இதெல்லாம் நியாயமான பதில்கள். ஆனால் நான் என்னையே ஒன்று கேட்டுக்கொள்வேன். முடிவு வேறு மாதிரி வந்திருந்தால், அந்த 1,802 என்ற எண்ணை எல்லாப் பிரசங்கத்திலும் சொல்லியிருப்போமா, இல்லையா? சொல்லியிருப்போம். அப்படியானால் எதிராக வந்ததையும் நேர்மையாக ஏற்றுக்கொள்ளவேண்டும்.

வெள்ளி உபவாசம் அக்கா, உங்கள் மகளுக்காக நானும் நன்றி சொல்கிறேன். ஒன்று கேட்கலாமா? அதே வெள்ளிக்கிழமைகளில் உங்களோடு உபவாசமிருந்து, குழந்தை பிறக்காமலே போன சகோதரிகள் இருப்பார்கள். சாட்சி நேரத்தில் அவர்கள் எழுந்து பேசியதை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. நமக்குக் கேட்கிற சாட்சிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும். முல்லரும் அப்படித்தான். அவர் யாரிடமும் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் வருடா வருடம் அறிக்கை அச்சிட்டு வெளியிட்டார், எவ்வளவு வந்தது, எப்படி வந்தது என்று ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது.


வெள்ளி உபவாசம்
மார்ச் 5, இரவு 10:45

சார், முல்லர் அறிக்கை அச்சிட்டார் என்பதால் என்ன? அறிக்கை அச்சிட்ட எல்லோருக்கும் பத்தாயிரம் பிள்ளைகளுக்குச் சோறு கிடைத்ததா? எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் என் மகள் கணக்கு இல்லை.

சகோதரிகளைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்ல முடியவில்லை. யோசிக்கவேண்டும்.


ஓய்வுபெற்ற ஐயா
மார்ச் 6, அதிகாலை 5:20

தம்பி தாமிரபரணி, நான் 38 வருடம் திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரங்களில் ஊழியம் செய்து ஓய்வுபெற்றவன். முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். வாக்குத்தத்த அட்டைகளை மொத்தமாக வாங்கித் தட்டில் பரப்பி வருடா வருடம் நானும் கொடுத்திருக்கிறேன். 118ஆம் சங்கீதம், விடுவிக்கப்பட்ட ஒரு கூட்டம் தேவாலய வாசலுக்குப் பவனி வரும்போது பாடியது. அதிலிருந்து ஒரு வரியை வெட்டி, நோயோடு போராடும் ஒரு பிள்ளையின் கையில், இது உனக்கு இந்த வருடத்துக்கு என்று கொடுப்பது சரியில்லை. ஊழியத்தில் இருந்தபோதே இது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

விசுவாசக் குறைவு பற்றி. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள். ஏரோது ராஜா முதலில் யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொல்லுகிறான். அடுத்து பேதுருவைப் பிடிக்கிறான். சபை பேதுருவுக்காக ஊக்கத்தோடே ஜெபிக்கிறது. தேவதூதன் வந்து சங்கிலிகளைக் கழற்றி வெளியே கொண்டுவருகிறான். பேதுரு, மாற்குவின் தாய் மரியாளின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறான். ரோதை என்ற பெண் அவன் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? "நீ பிதற்றுகிறாய்." எதற்காக ஜெபித்தார்களோ அது கதவைத் தட்டுகிறது, அவர்கள் நம்பவில்லை! அந்த வீட்டு ஜனங்களின் விசுவாசத்தின் அளவால் பேதுரு விடுதலையானான் என்று இதை வாசித்த எவனும் சொல்ல முடியாது. யாக்கோபுக்கு விசுவாசம் குறைந்ததால் செத்தான் என்றும் சொல்ல முடியாது. ஒரே சபை, ஒரே ராஜா, ஒரே அதிகாரம். ஒருவன் வெளியே வந்தான், ஒருவன் வரவில்லை. காரணத்தை வேதம் சொல்லவில்லை. வேதம் சொல்லாததை உங்கள் வீட்டுக்கு வந்த அந்த மனிதர் சொல்லியிருக்கிறார்.

யாக்கோபின் தாயை நினைக்காமல் எனக்கு அந்த அதிகாரத்தை வாசிக்க முடிவதில்லை. மத்தேயு 20இல் அவள் இயேசுவிடம் ஒரு விண்ணப்பத்தோடு வருகிறாள். என் இரண்டு பிள்ளைகளும் உமது ராஜ்யத்தில் வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்காரவேண்டும் என்று. அதுவும் ஒரு தாயின் ஜெபம்தானே. "நீங்கள் கேட்டுக்கொள்ளுகிறது இன்னது என்று உங்களுக்குத் தெரியவில்லை" என்றார். நான் குடிக்கும் பாத்திரத்தை நீங்களும் குடிப்பீர்கள் என்றார். பாத்திரம் என்றது பாடுகளை. அப்புறம் அதே பாத்திரத்துக்கு முன்னால் கெத்செமனேயில் அவரே முகங்குப்புற விழுந்து, கூடுமானால் இது என்னைவிட்டு நீங்கட்டும் என்று மூன்று தடவை கேட்டார். நீங்கவில்லை. கேட்டது கிடைக்காதவர்களின் வரிசையில் தேவகுமாரனே நிற்கிறார். உங்கள் அம்மா உட்கார்ந்திருப்பது அவர் பக்கத்தில்தான்.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். ஜெபம் நம் மனதை மட்டும்தான் மாற்றுகிறது, வேறெதையும் அல்ல என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. சாகும் நிலையில் இருந்த எசேக்கியா ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுதான், பதினைந்து வருடம் கூட்டிக்கொடுக்கப்பட்டது என்று வேதம் சொல்கிறது. நமக்குத் தேவையானது கேட்பதற்கு முன்பே பிதாவுக்குத் தெரியும் என்று மலைப்பிரசங்கத்தில் சொன்ன அதே இயேசு, அடுத்த மூச்சிலேயே கேளுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தது எனக்குத் தெரியும், ஆனாலும் பேரப்பிள்ளை வந்து "தாத்தா, பசிக்குது" என்று சொல்வதை நான் கேட்கவேண்டும்.

தோனாவூர் இங்கிருந்து தூரமில்லை. மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901இலிருந்து அங்கே பிள்ளைகளை வளர்த்தார். 1931இல் ஒரு குழியில் விழுந்து காலொடிந்து, அதன்பின் இருபது வருடம் பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அவருக்காக ஜெபிக்க நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இருந்தார்கள். எழுந்து நடக்கவில்லை, 1951இல் இறந்தார். கல்லறைக்கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், அந்த இடத்தில் பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். நிழலான இடம்.


வேளாங்கண்ணிப் பாதை
மார்ச் 6, மாலை 4:50

நான் கத்தோலிக்கன், நாகப்பட்டினத்துக்காரன். நாங்கள் செபம் என்று எழுதுவோம், அதைத் திருத்தவேண்டாம்.

2004 டிசம்பர் 26 அன்று எனக்கு 19 வயது. ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்திருந்த திருப்பயணிகள் கடற்கரையில் நிறையப் பேர் இருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வேளாங்கண்ணியில் இறந்தவர்களில் பலர் மாதாவிடம் மன்றாட வந்தவர்கள். நேர்ச்சைக்கு மொட்டையடித்த குழந்தைகளைத் தூக்கியிருக்கிறேன். சந்தனம் தடவிய தலை.

பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை. அது புதுமை என்று பிறகு பலர் சொன்னார்கள். எனக்கு மாதாவிடம் பக்தி உண்டு, ஆனால் அந்தப் பேச்சை இன்றுவரை நான் சொன்னதில்லை. கட்டடம் காப்பாற்றப்பட்டது என்று, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் எப்படிச் சொல்வது?

அன்று நான் செபிக்கவில்லை. செபிக்கத் தெரியவில்லை. ஒரு வயதான கன்னியர் பள்ளிக்கூட வராந்தாவில், பேச்சே வராமல் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே, அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டே இருந்தார். இரவு முழுக்க. செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் முடிந்து மறுபடி முதலிலிருந்து. அவர்கள் யாரும் கூடச் சொல்லவில்லை. விடிகாலையில் ஒரு பெண் மட்டும் "எங்களுக்காக" என்ற இடத்தில் சேர்ந்துகொண்டாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

புனித மோனிக்காவைப் பற்றியும் சொல்கிறேன். மகன் அகுஸ்தீன் வழிதவறிப் போனதற்காக வருடக்கணக்கில் அழுதவர். 383இல் மகன் கார்த்தேஜிலிருந்து கப்பலேறி ரோமுக்குப் போகப் பார்த்தான். தாயிடம் பொய் சொல்லிவிட்டு அன்று இரவே புறப்பட்டான். புனித சிப்பிரியானின் நினைவு ஆலயத்தில் அந்த இரவு முழுக்க அவர் செபித்தது, அவன் போகக் கூடாது என்று. விடிந்தபோது கப்பல் போய்விட்டது. அந்தப் பயணத்தால்தான் அவன் மிலானுக்குப் போய் ஆயர் அம்புரோசின் மறையுரையைக் கேட்டு, 387 உயிர்ப்பு விழாவில் திருமுழுக்குப் பெற்றான். அன்றிரவு அவள் கேட்டதைக் கொடுக்காமல், எப்போதும் கேட்டதைக் கொடுத்தீர் என்று பின்னால் அகுஸ்தீனே கடவுளைப் பார்த்து எழுதினார். செபம் கேட்கப்படாததுபோலத் தெரிந்த இரவில்தான் அது கேட்கப்பட்டது.


தாமிரபரணிக்கரை
மார்ச் 6, இரவு 11:55

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தேன்.

வேளாங்கண்ணி அண்ணனுக்கு. மோனிக்காவுக்கு மகன் திரும்பக் கிடைத்தான். எங்கள் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கதை நடுவில் எங்களுக்கு இடம் இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வராந்தாக் கன்னியர் எனக்குப் புரிகிறார்.

ஐயா, அந்த அட்டையைப் பற்றி எங்களிடம் மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.

செவிலித் தங்கச்சி, நீங்கள் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். நோயெதிர்ப்பு, மாத்திரை எல்லாம். அம்மா கேட்டுவிட்டு, "அப்போ என் கிட்னிமேல தப்பு இல்லையா?" என்று கேட்டார்கள். ஏழு மாதமாக அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குத் தெரியவே தெரியாது.


விடியற்காலம்
மார்ச் 7, காலை 7:40

அண்ணன், நான் எழுதியதற்கு வருந்துகிறேன். நல்ல வார்த்தை என்று நினைத்துதான் எழுதினேன். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் இறந்ததில்லை.


வெள்ளி உபவாசம்
மார்ச் 9, மாலை 6:30

வாத்தியார் சாருக்குப் பதில் எழுதவேண்டும் என்று மூன்று நாளாக மனதில் கிடந்தது.

இருந்தாள், சார். ஒருத்தி இருந்தாள். ஒன்பது வருடம் என் பக்கத்தில் ஒரே பாயில் உட்கார்ந்து உபவாசமிருந்தாள். அவள் எனக்காக அழுவாள், நான் அவளுக்காக அழுவேன். என் மகள் பிறந்து கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்து சாட்சி சொன்னேன். மைக்கில் "கேட்கிறவனுக்குக் கர்த்தர் கொடுக்கிறார்" என்றேன். அடுத்த வாரத்திலிருந்து அவள் பின்வரிசைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாளில் கூட்டத்துக்கே வரவில்லை. பதிமூன்று வருடம், நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாளோ என்று பயம்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். என்ன பேசினோம் என்று எழுத மனமில்லை. அவள் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். என் மகளின் பெயரைச் சொல்லி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். இத்தனை வருடமும் அவளுக்காக ஜெபித்திருக்கிறாள், சார். என் மகளுக்காக. அவள் கேட்டது அவளுக்குக் கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்ததற்காக அவள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஜெபம் மாற்றுகிறது என்று இன்றும் சொல்வேன். ஆனால் மைக்கில் சொன்னதைப்போல இனி சொல்லமாட்டேன்.


புள்ளியியல் வாத்தியார்
மார்ச் 9, இரவு 8:15

அக்கா, உங்கள் தோழியைப்போல ஒருவரை எந்தப் பிரிவில் போட்டு எண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் படிப்பில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.


தாமிரபரணிக்கரை
மார்ச் 16, காலை 5:35

பத்து நாள் கழித்து வருகிறேன்.

போன வாரம் ஒரு நாள் நாலு மணிக்கு எழுந்து முன்னறைக்குப் போனேன். அம்மா தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: "கேட்டது கிடைக்கலையே, இன்னும் என்னத்தம்மா கேக்கீங்க?"

"கிடைக்கலைன்னும் அவர்கிட்டதானல சொல்லணும்? வேற யாருகிட்ட போய்ச் சொல்ல? முதல் மூணு மாசம் நான் ஒண்ணுமே கேக்கல. சண்டைதான் போட்டேன்."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். தம்பி டயாலிசிஸுக்குப் போன நாட்களில் பக்கத்துக் கட்டில்களில் படுத்திருந்தவர்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஊர், பிள்ளைகள் எத்தனை, யார் கூட வருவார்கள் என்று எழுதியிருக்கிறது. ஒரு பாய் வீட்டுப் பெரியவர், தென்காசிப் பக்கத்து லாரி டிரைவர், கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்ட ஒரு பெண். மொத்தம் 23 பேர். ஏழு பெயருக்கு நேராகச் சின்னதாக ஒரு சிலுவைக் குறி. அப்படிக் குறி போட்ட இடத்தில் அந்த வீட்டு அம்மாவின் அல்லது மனைவியின் பெயரைக் கீழே எழுதியிருக்கிறார்கள். அவர்களோடு போனில் பேசவும் செய்கிறார்களாம். நான் ஆபீஸ் போனபிறகு.

கடைசிப் பக்கத்தில், எங்கள் வீட்டுக்கு வந்து விசுவாசக் குறைவு என்று சொன்னாரே, அவர் பெயரும் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போதும் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

நேற்று அம்மாவுக்கு வலது கண்ணில் புரை அறுவை. கொஞ்ச நாள் கண்ணைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "நீ ஜெபிக்க வேண்டாம், பேரை மட்டும் வாசி, அது போதும்" என்றார்கள். இன்று நாலு மணிக்கு வாசித்தேன். ஒவ்வொரு பெயரையும் வாசித்து நிறுத்தவேண்டும். அம்மா உதட்டுக்குள் ஏதோ சொல்வார்கள், அப்புறம் தலையாட்டுவார்கள், நான் அடுத்த பெயருக்குப் போகவேண்டும். முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. தம்பியின் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் இல்லை. அந்தப் பெயரைத் தாண்டிப் போகவா என்று கேட்டேன். "வாசி" என்றார்கள். வாசித்தேன்.

நாளைக்கும் வாசிக்கவேண்டும்.


மூன்றாம் ஷிப்ட்
மார்ச் 16, காலை 9:05

இப்போதுதான் ட்யூட்டி முடித்து வெளியே வந்தேன், அண்ணன். நோட்டில் இடமிருந்தால் ஒரு வரி சேர்க்க முடியுமா? பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. 6ஆம் கட்டில் என்று எழுதுங்கள். 22 வயது. கூட யாரும் வருவதில்லை.


தாமிரபரணிக்கரை
மார்ச் 16, காலை 9:20

எழுதிவிட்டேன். அம்மா, அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்கிறார்கள்.